முப்பது மில்லிகிராம் தண்ணீர்

அக்டோபர் 14, 2019, திங்கள்

இளவழகனின் நோட்டுப் புத்தகங்கள் மூன்றும் இன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தன. பேராசிரியர் நமச்சிவாயம் சார் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கும் இளவழகனுக்கும் அவர்தான் வழிகாட்டி. எட்டு வருடத்தில் அவர் பேனாவைத் தவிர எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

“தமயந்தி, இதை நீதாம்மா பண்ணணும். லேப்ல உன்னைவிடச் சுத்தமா வேலை செய்றவங்க யாருமில்லை.”

இளவழகன் இறந்து பதினாறு மாதம் ஆகிறது. அவருடைய மனைவி புனிதவதி துணைவேந்தருக்கு மனுமேல் மனு போட்டுக்கொண்டே இருந்ததில், குழு ஒன்று போட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் உள்ள சேர்மத்தை அவர் ஒரே ஒருமுறைதான் செய்தார். அப்புறம் அவராலும் முடியவில்லை, வேறு யாராலும் முடியவில்லை. அவருடைய குறிப்பை வைத்து இன்னொருவர் அதைச் செய்து காட்டினால் ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போகும், செத்தவர் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடலாம். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள், பொய்க் கணக்கு எழுதியவன் என்ற பேச்சு அப்படியே நிற்கும். டிசம்பர் 16-ஆம் தேதி குழு கூடுகிறது.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வரும் வழியில் தேங்காய் எண்ணெயும் துணி சோப்பும் வாங்கினேன். வீட்டுக்காரர் மோட்டாரைப் பழுது பார்க்கவில்லை. இரண்டு குடம் கீழேயிருந்து தூக்கினேன்.

அக்டோபர் 16

இதை யாராவது படிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன்.

பேரியம் டைட்டனேட் ஒரு பீங்கான். செல்போனுக்குள் மணல் அளவில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வழக்கமாக இரண்டு உலோகங்களின் பொடிகளையும் அரைத்துக் கலந்து ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் சுடுவார்கள். எவ்வளவு அரைத்தாலும் ஒரு பக்கம் பேரியம் கூடும், இன்னொரு பக்கம் டைட்டானியம் கூடும். உப்பு சேராத உப்புமாதான். இரண்டு உலோகங்களையும் ஆல்கஹாலோடு பிணைத்து ஒரே மூலக்கூறுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் கலக்கும் வேலையே இல்லை, பாதிச் சூட்டில் வேலை முடியும். அந்த மூலக்கூறுதான் இரட்டை உலோக அல்காக்சைடு. ஈரம் அதற்கு ஆகாது. காற்றில் இருக்கும் ஈரமே அதைப் பொடியாக்கிவிடும். அதனால் எல்லாவற்றையும் நைட்ரஜனுக்குள் வைத்துச் செய்கிறோம், அதுவும் வருடத்தில் எட்டு மாதம் உடம்பு பிசுபிசுக்கிற இந்தக் கடலோர ஊரில்.

இளவழகன் விருத்தாசலத்துக்காரர். அவர் அப்பாவும் மாமனாரும் பீங்கான் பட்டறையில், மின்சாரப் பலகையில் மாட்டுகிற பியூஸ் கேரியர் செய்தவர்கள். “எங்கப்பா ஆயிரத்து முந்நூறுல சுடுறதை நான் அறுநூறுல சுட்டுக் காட்டுறேன் பாருங்க” என்பார்.

அக்டோபர் 21

இன்று முழுக்க ஐசோபுரோப்பனால் காய்ச்சி வடித்தேன். கடையில் வாங்கும் பாட்டிலில் தண்ணீர் இருக்கும். அதை எடுக்க ஒரு நாள் கொதிக்கவிட்டு, வடித்து, நைட்ரஜனில் மூடி வைக்க வேண்டும். நூறு மில்லி வடிக்க ஒரு பகல் போய்விடும்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. வடித்த குடுவையில் பெயரை எழுதி, திரவம் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுவோம். மற்றவர்கள் திருடாமல் இருக்கத்தான். பத்து மில்லிக்காக ஒரு பகலை யாரும் இழக்க விரும்ப மாட்டார்கள், பக்கத்து மேசைக் குடுவை கண்ணில் படும். ஹாஸ்டல் பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கோடு போடுவது போலத்தான். இப்போது லேபில் திருட ஆளே இல்லை. இருந்தாலும் நான் கோடு போட்டேன்.

அக்டோபர் 25

முதல் முயற்சி. பேரியம் துண்டு ஆல்கஹாலில் நுரைத்துக் கரைந்தது. டைட்டானியத்தைச் சேர்த்தேன், கொதிக்க வைத்தேன், ஆற வைத்தேன். எல்லாம் அவர் எழுதியபடி. படிகம் வரவில்லை, பாகுதான் வந்தது.

நவம்பர் 2, சனி

இரண்டாவது. அதே பாகு.

உட்கார்ந்து அவருடைய நோட்டைப் படித்தேன். இப்படி நோட்டு எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை. அன்றைய வெயில், காற்றின் ஈரம், எந்த சிலிண்டர், எந்த ஊசி எல்லாம் இருக்கிறது. 2016 நவம்பர் 24-ஆம் தேதிப் பக்கம்: “மழை. ஈரப்பதம் 88. ஆற வைத்த குடுவையில் படிகங்கள். நிறமில்லை. ஓரம் கத்தி மாதிரி. குறைந்தது முப்பது இருக்கும்.” கீழே ஒரு படம் வேறு வரைந்திருக்கிறார். அந்த ஒரு பக்கத்தில்தான் கையெழுத்து ஆடுகிறது.

அன்று அவர் கட்டடம் முழுக்க ஓடி எல்லோரையும் கூட்டி வந்தார். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கித் தந்தார். நான் இரண்டு பஜ்ஜி தின்றேன். உள்ளே அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்கப் படிகத்தை எக்ஸ்ரே எடுக்கச் சென்னைக்கு அனுப்பினார், போய்ச் சேர்வதற்குள் குழாய்க்குள் வெள்ளைப் பொடியாகிவிட்டது. சரி, இன்னொரு தடவை செய்துகொள்ளலாம் என்றார். அதற்கப்புறம் பதினான்கு மாதத்தில் நாற்பத்தியொரு தடவை செய்தார்.

அந்தப் படிகம் வருவதற்கு மூன்று நாள் முன்னால், 2016 நவம்பர் 21, என்ன மழை என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏன் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 8

மூன்றாவதும் பாகு.

2018 ஜனவரியில் நடந்த லேப் கூட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். சார் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “படிகம் லேப்ல வந்துச்சா, கனவுல வந்துச்சாப்பா?” எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இளவழகன் கையில் இருந்த பேனாவுக்கு மூடி போட்டார். மறுநாள் மேசையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அந்த ஜூனில் சாரிடம் போன் பண்ணி, இன்னும் ஒரே ஒரு தடவை முயற்சி செய்ய அனுமதி வாங்கி, மோட்டார் சைக்கிளில் கிளம்பி வந்தார். பண்ருட்டி தாண்டிப் பலா லாரி ஒன்று.

நவம்பர் 13

நான்காவது. அதே.

நவம்பர் 15, வெள்ளி

புனிதவதி போன் செய்தாள்.

“அக்கா, வந்துச்சா?”

“இன்னும் இல்லை புனிதா.”

“சரிக்கா. நான் தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. பாப்பா பள்ளிக்கூடத்துல அப்பா என்னான்னு கேட்டாங்களாம். இது டாக்டருன்னு சொல்லிட்டு வந்துருச்சி. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாங்களாம்.” சிரித்தாள். “எனக்கு அந்தப் பட்டம்கூட வேணாங்க்கா. அவுரு பொய் சொல்லலன்னு ஒரு கடுதாசி கொடுத்தாப் போதும்.”

போனை வைத்துவிட்டுக் குடுவைகளைக் காரக் கரைசல் தொட்டியில் போட்டுக் கழுவினேன். கையுறை போட மறந்து விரல் வழுக்கிக்கொண்டு எரிந்தது. மாலையில் சார் எட்டிப் பார்த்து, “வரலைன்னா வரலைன்னு எழுதிக் கொடுத்துடும்மா, பாவம் பார்த்தா முடியுமா” என்றார்.

நவம்பர் 18, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

2016 நவம்பர் 21. எனக்கு இருபது மில்லி உலர்ந்த ஐசோபுரோப்பனால் வேண்டும். மாலைக்குள் முடிவு காட்டாவிட்டால் சார் கத்துவார். நான் வடிக்கவில்லை. இளவழகன் குடுவை மேசையில் இருந்தது. நூறு மில்லி, பெயர், கோடு. அவர் சாப்பிடப் போயிருந்தார். ஊசியால் இருபது மில்லி எடுத்தேன். திரவம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வந்தவுடன் கோட்டைத்தான் பார்ப்பார். அதனால் அலமாரியில் இருந்த கடைப் பாட்டிலைத் திறந்து இருபது மில்லி ஊற்றிக் கோட்டுக்குச் சரியாக நிரப்பினேன். குனிந்து கண்மட்டத்தில் வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

எடுத்ததோடு விட்டிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். நிரப்பியதுதான் தவறு.

இன்று கணக்குப் போட்டேன். கடைப் பாட்டிலில் தண்ணீர் நூறில் 0.2 பங்கு. இருபது மில்லியில் முப்பது மில்லிகிராம். ஒரு சொட்டுகூட இல்லை. அவர் எடுத்த பேரியத்தின் அணுக்களை எண்ணிப் பார்த்தால், ஒரு பேரியத்துக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு. ஊற்றியவள் அளந்து ஊற்றியதுபோல் இருக்கிறது.

அதாவது அந்தப் படிகம் தண்ணீர் சேர்ந்ததால் வந்தது. அப்புறம் அவர் வடித்த எந்த ஆல்கஹாலிலும் தண்ணீர் இல்லை. வரவில்லை என்றதும் இன்னும் கவனமாக உலர்த்தினார். இரண்டு முறை வடித்தார், மூன்று முறை வடித்தார். எவ்வளவு கவனமாக இருந்தாரோ அவ்வளவு படிகத்தை விட்டுத் தள்ளிப் போனார்.

நவம்பர் 19

ஐந்தாவது. உலர்ந்த ஆல்கஹால் எண்பது மில்லி, பாட்டிலிலிருந்து இருபது. அதே நிறுவனத்துப் பாட்டிலைத் தேடி எடுத்தேன். ஊற்றுவதற்கு முன் இரண்டு தடவை அளந்தேன். அன்று கோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

நவம்பர் 22

படிகம்.

நிறமில்லை. ஓரம் கத்தி மாதிரி. எண்ணினேன், இருபத்தாறு. மத்தியானம் யாரும் இல்லாத லேபில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர் படத்தையும் குடுவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் ஓவியம் மோசம். ஆனால் பொய் இல்லை.

நவம்பர் 25

சென்னைக்கு நானே கொண்டு போனேன். படிகத்தை எண்ணெயில் அமிழ்த்திக் கண்ணாடிக் குழாயை நெருப்பில் மூடி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் இருந்த அம்மாள் அது என்ன மருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 5

எக்ஸ்ரே முடிவு வந்துவிட்டது. நான்கு பேரியம், நான்கு டைட்டானியம். நடுவில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் பாலம் போட்டிருக்கின்றன. அவை தண்ணீரிலிருந்து வந்தவை. இளவழகன் எழுதிய வாய்பாட்டில் அந்த நான்கும் இல்லை. அவர் எப்படி எழுதுவார்? தன்னிடம் தண்ணீரே இல்லை என்று நம்பினார். அறுநூற்று இருபது டிகிரியில் சுட்டேன். சுத்தமான பேரியம் டைட்டனேட் வந்தது, அவர் சொன்ன சூட்டிலேயே.

டிசம்பர் 6, வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சரி. இதைப் பெருசு பண்ண வேண்டாம். அவனே ஒரு சொட்டு தண்ணி விட்டான், நோட்ல எழுத மறந்துட்டான்னு போட்டுடலாம். அவனுக்குப் பட்டம் கிடைச்சுரும். உனக்கும் வேலைக்கு நேர்முகத் தேர்வு வருது. யாருக்கும் நஷ்டமில்லை.”

எவ்வளவு சுலபம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம் இல்லை, சாயங்காலம் வரை தோன்றியது. பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். மழை, ஈரப்பதம் 88, ஊசி எண் 4.

திரும்பப் போய்ச் சொன்னேன். “அவர் எதையும் எழுத மறந்ததில்லை சார். மறந்தார்னு எழுதினா அதுதான் இந்த நோட்ல முதல் பொய்.”

“உன் இஷ்டம்” என்றார். கதவு வரை வந்தபோது கூப்பிட்டார். “கனவுல வந்துச்சான்னு நான் அவனைக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

குழு கூடியது. ஆறு பேர், முந்திரி பிஸ்கட், டீ. நின்றுகொண்டு சொன்னேன். திருடியதை, நிரப்பியதை, கோட்டைச் சரிபார்த்ததை. பிணமாகிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். யாருக்கும் கோபமே வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் சிரித்துவிட்டார். “நாங்க எல்லாம் பண்ணாததாம்மா? என் ரூம்மேட் வடிச்ச ஈத்தர்லதான் நான் பி.ஹெச்டியே முடிச்சேன்.” மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வருமாம். வாய்பாட்டைத் திருத்தி அடிக்குறிப்புப் போட்டு, ஆய்வேட்டை மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். ‘ஆய்வாளரின் குறிப்புகள் முழுவதும் உண்மையானவை’ என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கேட்டேன், எழுதினார்கள்.

ஓர் அம்மையார் மட்டும் கேட்டார்: “இது உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?”

“இந்த நவம்பர்ல மேடம். திரும்பச் செஞ்சப்பதான்.”

குறித்துக்கொண்டார்.

டிசம்பர் 17

அது பொய்.

2017 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு. ஒருவர் இதே வகைச் சேர்மத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால்தான் இவை நன்றாகப் படிகமாகும் என்று போகிற போக்கில் சொன்னார். எனக்கு உடனே அந்தக் குடுவைதான் கண்முன் வந்தது.

திரும்பி வந்தேன். இளவழகன் ஆறாவது முயற்சியில் இருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். திருடி என்று பெயர் வருமே என்று முதலில் பயம். அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயம். இரண்டாவது பயம் ஒவ்வொரு மாதமும் வளர்ந்தது. அவர் ஏழு செய்தார், பதினைந்து செய்தார், முப்பது செய்தார். தினமும் நான்கு மணிக்கு அவரோடு டீ குடித்தேன். அந்தக் கூட்டத்தில் சார் கேட்டபோது அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு நாள் இந்த நோட்டிலும் எழுதவில்லை. இந்த வருடம் நான் செய்த முதல் நாலு முயற்சியும் தெரியாமல் வீணானவை இல்லை. ஐந்தாவதை எப்படிச் செய்ய வேண்டும் என்று முதல் நாளே தெரியும். அப்படிச் செய்யாமலே வந்துவிடாதா என்று பார்த்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

விருத்தாசலம் போனேன். தீர்மானத்தின் நகலைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றார் சார். நான் கையில் கொடுக்கிறேன் என்றேன்.

புனிதவதி பட்டறையில் இருந்தாள். சுடாத பியூஸ் கேரியர்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஈர ஸ்பாஞ்சால் ஓரத்துப் பிசிறைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை, முழங்கை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். காகிதத்தைக் கொடுத்தேன். ‘முழுவதும் உண்மையானவை’ என்ற வரியை விரலால் தடவிக்கொண்டே இரண்டு தடவை படித்தாள்.

“வந்துருச்சா அக்கா? நெசமாவே வந்துருச்சா?”

“வந்துருச்சு. அவர் வரைஞ்ச மாதிரியே.”

பிறகு எதனால் வந்தது என்று சொன்னேன். குடுவை, கோடு, பாட்டில். அவளுக்குப் புரியும்படிதான் சொன்னேன், புரிந்துகொண்டாள். பீங்கான் மண்ணில் கொஞ்சம் தண்ணீர் கூடினால் குறைந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் நம்பலைக்கா. ஊருக்கு வந்தப்புறம் தெனம் கேப்பாரு. நான் பாத்தனா புனிதா, இல்ல பாத்த மாரி நெனைச்சிக்கிட்டனான்னு. ஒருநாளு எனக்கு வெறுத்துப்போயி, பொய்யின்னா பொய்யின்னு ஒத்துக்கிட்டு வேற வேலையப் பாருங்கன்னுட்டேன். அதுக்கப்புறம் எங்கிட்ட அதப் பத்திப் பேசவே இல்ல.”

அழுதாள். வெள்ளைக் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மண் கோடு. நான் அவள் தோளைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு நிமிர்ந்தாள். “எப்பக்கா தெரிஞ்சிது உங்களுக்கு? தண்ணியாலதான்னு?”

இந்த நவம்பரில் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. மூன்று நாள் முன்புதான் சொல்லிப் பழகியிருந்தது.

“மூணாவது மாசமே தெரியும் புனிதா. அவர் லேபை விட்டுப் போறதுக்குப் பதினோரு மாசம் முன்னாடியே.”

உள்ளே யாரோ அச்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னையே பார்த்தாள்.

“அன்னிக்கிக் காலையில வண்டிய எடுக்கறப்ப எங்கிட்ட என்னா சொன்னாரு தெரியுமா? ‘அந்த லேபுல தமயந்தி ஒருத்திதான் எம்மேல சந்தேகப்படல. நீங்க பாத்தது நெசந்தாங்கன்னு எத்தினி தடவ சொல்லியிருக்கு. அது ஒருத்தி நம்புறதுக்காவது இன்னொரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்’ன்னாரு. கட்டுனவ நான் நம்பல, யாரோ ஒரு பொண்ணு நம்புச்சேன்னு ஒன்றரை வருசமா உங்கள நெனைச்சி நெனைச்சிக் கும்பிட்டுருக்கேன்.”

நான் அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

“நீங்க நம்பலக்கா” என்றாள். “உங்களுக்குத் தெரியும்.”

காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். குரலில் கோபம் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

“நாலரைக்கி ஒரு பஸ்ஸு இருக்கு. அதுல போயிடுங்க.”

போய்விட்டேன்.